பழைய காருக்கு ஸ்டியரிங் காலம் மாற்றுவது: புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரியாங்குப்பத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் 11 வருடம் சும்மா நின்ற 1978 மாடல் பிரீமியர் பத்மினியை வாங்கி, இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்தேன். அப்போதிலிருந்து பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பார்க்கும் இடத்திலெல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள். எஞ்சின் விஷயத்தில் நான் அரைகுறை. ஸ்டியரிங் பற்றிக் கேட்டால் சொல்வேன். அதை மூன்று முறை கழற்றி மாட்டியிருக்கிறேன், முதல் இரண்டு முறை தப்பாக. இதுவரை வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டியரிங் காலம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் column என்பதைத்தான். தமிழில் எழுதினால் நேரம் காலம் என்கிற காலம் மாதிரியே இருக்கிறது, என்ன செய்ய. ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "அண்ணே, பத்மினிக்குக் காலம் இருக்கா?" என்று கேட்டேன். "அதுக்குக் காலம் முடிஞ்சு போச்சே தம்பி" என்றார் கடைக்காரர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பட்டறைகளில் ஸ்டியரிங் ராடு, ஸ்டியரிங் பைப்பு என்றும் சொல்வார்கள்.

உங்கள் கையிலிருக்கும் ஸ்டியரிங் வீலுக்கும், கீழே சக்கரத்தைத் திருப்பும் பாக்ஸ் அல்லது ரேக்குக்கும் நடுவில் இருப்பது எல்லாம் இதில் சேரும். உள்ளே சுழலும் ஷாப்ட், வெளியே அதை மூடியிருக்கும் டியூப், மேலும் கீழும் ஷாப்டைத் தாங்கும் புஷ், டாஷ்போர்டுக்கு அடியில் பிடிக்கும் பிராக்கெட், ஹாரன் வயர், இண்டிகேட்டர் சுவிட்ச். ஹேண்ட் கியர் வண்டியாக இருந்தால் கியர் ராடும் இதன் மேல்தான் குடியிருக்கும்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது. காலத்தை மாற்றிவிடலாமா?

பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். ஆட்டம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. சீட்டில் உட்கார்ந்து வீலை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். வீல் மொத்தமாக நகர்ந்தால் மேல் புஷ் தேய்ந்திருக்கிறது, இல்லை டாஷ்போர்டு பிராக்கெட் போல்ட் தளர்ந்திருக்கிறது. புஷ் என்றால் லேத் பட்டறை வேலை, போல்ட் என்றால் ஸ்பேனர் வேலை. காலம் மாற்றும் வேலை இல்லை.

அடுத்த வகை, வீலை இடமும் வலமும் திருப்பும்போது சக்கரம் உடனே அசையாமல் கொஞ்சம் வெறுமனே சுற்றுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீலை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அதுதான் திருடன். பத்மினியில் வார்ம் வகை (திருகு மாதிரிப் பல் உள்ள) ஸ்டியரிங் பாக்ஸ், அதற்கு எதிர்ப்பக்கம் கம்பியைத் தாங்கும் ஐட்லர் என்கிற கை, டை ராடு எண்டுகள் (சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளின் முனை மூட்டுகள்) என்று வரிசையாக இருக்கின்றன. அம்பாசடரிலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் ரேக் அண்ட் பினியன், அதாவது பல் வெட்டிய நீளத் தண்டை (ரேக்) ஒரு சின்னப் பல்சக்கரம் (பினியன்) இடம் வலமாகத் தள்ளும். அங்கே ரேக்கின் உள் பால் ஜாயிண்ட்டையும், ரேக்கைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பையும் பாருங்கள். ஹெரால்டில் அந்தப் பிடிமானத்தில் ரப்பர் இருக்கும், அது நைந்தால் ரேக்கே இடம் வலமாக நகரும்.

என் வண்டியில் ஆட்டத்துக்குக் காரணம் ஐட்லர். அது தெரியாமல் முதலில் காலத்தைத்தான் இறக்கினேன்.

அப்படியானால் எப்போதுதான் மாற்ற வேண்டும்?

ஷாப்ட் வளைந்திருந்தால். ஸ்பிளைன் என்கிற பல்வரிசை மழுங்கியிருந்தால். எங்காவது வெடிப்பு இருந்தால். முன்பு யாராவது வெல்டிங் வைத்திருந்தால். அப்புறம், நம் ஊருக்கென்றே ஒரு காரணம்: துரு.

புதுச்சேரியிலும் கடலூரிலும் உப்புக்காற்று எதையும் விடாது. அதோடு 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு தடவையும் எத்தனையோ வண்டி டோர் அளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் சீட்டைக் காயவைப்பார்கள், எஞ்சின் ஆயிலை மாற்றுவார்கள். காலம் டியூப்புக்குள் போன தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. அது சாய்வான குழாய் அல்லவா, தண்ணீரும் சேறும் கீழ் முனையில் போய்த் தங்கும். பெடல் பக்கம், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ரப்பரை ஒட்டிய இடத்தில்தான் டியூப் முதலில் அரிக்கும். ரப்பரை விலக்கி அங்கே ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் கதை முடிந்தது.

என் வண்டியின் டியூப்பில் சேறு இல்லை, குளவிக் கூடு இருந்தது. ஷாப்டை உருவியபோது மண் கட்டி கட்டியாக விழுந்தது. மேல் புஷ்ஷுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வரிசையாக அறைகள் கட்டி வைத்திருந்தது. வீலைத் திருப்பும்போதெல்லாம் வந்த கரகர சத்தத்தை நான் பேரிங் என்று நினைத்து ஆறு மாதம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஷாப்டில் வெல்டிங் வைத்தால் என்ன? எங்கள் மெக்கானிக் தாங்கும் என்கிறார்.

வைக்காதீர்கள். வெளி டியூப்பில் ஒட்டுப் போடுவது வேறு விஷயம், அது உறை மட்டும்தான். ஷாப்ட் உங்கள் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஒரே கம்பி. வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டி இரும்பின் குணம் மாறிவிடும். அது முறுக்கு விசையை நாளெல்லாம் இப்படியும் அப்படியும் வாங்கும்போது அந்த ஓரத்தில்தான் மயிரிழை வெடிப்பு ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் அழகாக அரைத்துப் பெயிண்ட் அடித்திருக்கும்.

நான் வாங்கிய இரண்டாவது காலம் அப்படித்தான் வந்தது. பார்சலைப் பிரித்தபோது பளபளவென்று இருந்தது. பெயிண்ட்டைச் சுரண்டினால் நடு ஷாப்டில் ஒரு வளையம், சுற்றிலும் நீலம் பாய்ந்த நிறம். விற்றவரிடம் கேட்டதற்கு, "இதே மாதிரி எத்தனையோ வண்டி ஓடுதே சார்" என்றார். பணம் திரும்பி வரவில்லை. அந்த ஷாப்ட் இப்போது எங்கள் வீட்டில் முருங்கைக்காய் பறிக்கும் கொக்கி.

பழைய காலம் எங்கே கிடைக்கும்?

சென்னை புதுப்பேட்டைதான் முதல் இடம். கோயம்புத்தூர் உக்கடம் பக்கமும் தேடலாம். நம் ஊர் காயலான் கடைகளில் சொல்லி வைத்தால் எப்போதாவது ஒன்று வரும். சொல்லி வைத்ததை வாரம் ஒரு தடவை நினைவூட்ட வேண்டும். மும்பையில் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன, அந்த வண்டிகளின் சாமான்கள் என்று சொல்லியும் விற்கிறார்கள். இருக்கலாம். ஆனால் டாக்சியில் 20 வருடம் சுழன்ற ஷாப்ட்டின் ஸ்பிளைன் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் பழைய காலத்தைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டோ போதாது. ஹேண்ட் கியர் வண்டியின் காலத்தில் கியர் ராடு உட்காரும் பிராக்கெட்டுகள் இருக்கும், ஃப்ளோர் கியர் வண்டியின் காலத்தில் இருக்காது. நீளம், பல் எண்ணிக்கை, பிராக்கெட் ஓட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஷாப்ட் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கடைக்காரரின் கண்ணாடி மேஜையே போதும்: உருட்டிவிடுங்கள், வளைந்த ஷாப்ட் நொண்டும். அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும்.

கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முன் சக்கரங்களை நேராக வையுங்கள். இண்டிகேட்டர் சுவிட்ச் வயர் ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டி எண் போடுங்கள். பழைய வண்டியில் வயர் நிறத்தை நம்ப முடியாது, உங்களுக்கு முன்னால் நான்கு எலக்ட்ரீஷியன்கள் கை வைத்திருப்பார்கள்.

ஹாரன் பட்டனை எடுத்தால் ஸ்டியரிங் நட்டு தெரியும். ஷாப்ட் முனைக்கும் வீலுக்கும் சேர்த்து சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றாதீர்கள், நான்கு மரையாவது மிச்சம் இருக்கட்டும். நான் முழுதாகக் கழற்றிவிட்டு வீலை என் பக்கம் பலம் கொண்டு இழுத்தேன். 30 வருடம் இறுகிக் கிடந்தது ஒரே நொடியில் விட்டுக்கொடுத்தது. மேல் உதட்டில் மூன்று தையல். தையல் போட்ட டாக்டர், ஏர் பேக் இல்லாத வண்டியில் அடிபட்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். வண்டி நின்றுகொண்டிருந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வீல் வரவில்லை என்றால் புல்லர் என்கிற இழுக்கும் கருவியைப் போடுங்கள். ஷாப்ட் முனையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. மரை மழுங்குவது ஒரு பக்கம், அந்த அடி நேராகக் கீழே பாக்ஸின் பேரிங்கில் போய் விழும் என்பது இன்னொரு பக்கம்.

அப்புறம் டிரைவர் சீட்டை எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் அதைச் செய்யாமல் பெடலுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தவர்களின் கழுத்தைக் கேட்டால் தெரியும். ஹேண்ட் கியராக இருந்தால் லிங்கேஜ் பின்களையும் வாஷர்களையும் எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். கீழே ஷாப்ட் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ரேக் வண்டிகளில் பினியன் பல்வரிசையில் கிளாம்ப் போட்டு ஒரு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். ஷாப்டில் அதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அதற்குள் படுத்திருக்கும். இது தெரியாமல் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாக்ஸ் வண்டிகளில் ஷாப்டும் வார்மும் ஒன்றாகவே வந்தால் பாக்ஸோடு சேர்த்துத்தான் இறக்க வேண்டியிருக்கும். எது உங்கள் வண்டி என்பதைப் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

புஷ் எதில் செய்வது? லேத்காரர் நைலான் என்கிறார்.

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் எந்த லேத்திலும் மாதிரி கொடுத்தால் ஒரே நாளில் கடைந்து தருவார்கள். நைலான் மலிவு, கடையவும் சுலபம். ஆனால் சாதா நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி ஊதும். மே மாதத்தில் வெண்ணெய் மாதிரி சுற்றிய ஸ்டியரிங் ஐப்பசி மழையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், திருப்பத்தில் வீல் தானாகத் திரும்பி வராது. நம் ஊரில் இது கற்பனை இல்லை, எனக்கே நடந்தது. டெல்ரின் என்கிற பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள், அது ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. இல்லையென்றால் கன்மெட்டல் என்கிற வெண்கல வகை. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) புஷ் வரும் வண்டிகளில் ஃபெல்ட்டையே போடலாம். மாட்டும் முன் ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊறவையுங்கள். கிரீஸ் அப்பாதீர்கள், அது மணலை அழைத்து வந்து உட்காரவைக்கும்.

இன்னொன்று. ஹாரன் பட்டன் ஷாப்ட் வழியாக எர்த் எடுக்கும் வண்டிகளில், உலோக புஷ்ஷை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் புஷ் போட்டால் ஹாரன் ஊமையாகிவிடலாம். பிராக்கெட்டில் தடிமனாகப் பெயிண்ட் அடித்தாலும் இதே கதை. ஹாரனைப் பிரித்து நோண்டும் முன் எர்த்தைப் பாருங்கள்.

டியூப்புக்கு பவுடர் கோட்டிங் செய்யலாமா?

செய்யலாம். புஷ் உட்காரும் இடத்தையும் பிராக்கெட் பிடிக்கும் இடத்தையும் மூடிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

திரும்ப மாட்டும்போது?

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. கீழ் முனையைப் பல்வரிசையில் உட்காரவைத்து, கிளாம்ப் போல்ட் தடையில்லாமல் பள்ளத்தில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் ஷாப்ட் முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம். சுத்தியலால் போல்ட்டைத் திணிக்காதீர்கள். பழைய போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். தலையில் 8.8 என்று அச்சிட்ட ஹை டென்சில் போல்ட்டும் புது நைலாக் நட்டும் போடுங்கள், இஞ்சு மரை என்றால் அதற்கு ஈடான தரத்தில். இந்த ஒரு போல்ட்டில் 20 ரூபாய் மிச்சம் பிடிக்க நினைப்பவரோடு நான் காரில் ஏறமாட்டேன்.

இப்போது எதையும் முழுதாக இறுக்க வேண்டாம். மேல் பிராக்கெட்டும் கீழும் கை இறுக்கத்தில் இருக்கட்டும். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நான்கைந்து முறை திருப்புங்கள். ஷாப்ட் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதற்குப் பிறகு இறுக்குங்கள். முதலிலேயே பிராக்கெட்டை முறுக்கிவிட்டால் ஷாப்ட் லேசான வளைவிலேயே சுழலும், புதுப் புஷ் ஒரே வருடத்தில் ஒரு பக்கமாகத் தேயும். என் முதல் தப்பு அது.

வீல் நேராக நிற்கவில்லை. ஒரு பல் மாற்றி மாட்டினால் போதாதா?

பார்வைக்குப் போதும். பாக்ஸ் வண்டியில் அது ஏமாற்று வேலை. வார்ம் பாக்ஸ்களில் நட்ட நடுவில்தான் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும்படி அமைத்திருப்பார்கள்; நேராக ஓட்டும்போது வண்டி அலையாமல் இருப்பது அதனால்தான். நடுவைக் கண்டுபிடிக்க, கோடிக்குக் கோடி எத்தனை சுற்று என்று எண்ணி அதில் பாதியில் நிறுத்துங்கள். அந்த நிலையில் வீலின் கம்பிகள் நேராக இருக்கும்படி மாட்டுங்கள். அதற்கு மேலும் சக்கரம் கோணலாக நின்றால் டை ராடில் சரி செய்யுங்கள், அலைன்மெண்ட்டும் பாருங்கள். நேர்மாறாகச் செய்தால் வீல் அழகாக நிற்கும், பாக்ஸ் தன் நடுவில் இருக்காது, நேர் ரோட்டில் ஆட்டம் திரும்ப வரும்.

இண்டிகேட்டர் தானாக அணையும் கேமும் வீலோடு சம்பந்தப்பட்டது. இடப்பக்கம் மட்டும் அணைந்து வலப்பக்கம் அணையாமல் நின்றால், வீல் மாட்டிய கோணத்தைப் பாருங்கள்.

புது வண்டியின் மடங்கும் காலத்தைப் போடலாமா? பவர் ஸ்டியரிங்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே நீளமான ஷாப்ட் உள்ள பழைய வண்டி முன்பக்கம் மோதினால் அந்த ஷாப்ட் ஓட்டுபவர் நெஞ்சை நோக்கி வரும். அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் கார்களில் மோதலின் வேகத்தை உள்வாங்கும் காலம் கட்டாயமானது இதற்காகத்தான். ஹெரால்டு இதில் முன்னோடி. அதன் காலம் ஒரு கிளாம்ப்பில் பிடித்திருக்கும், பலமாக அடிபட்டால் ஒன்றுக்குள் ஒன்று நழுவும். அந்தக் கிளாம்ப்பை 'எதற்கும் இருக்கட்டும்' என்று வெல்டு செய்துவிட்ட ஒரு ஹெரால்டை நான் பார்த்தேன். வண்டியின் மிக நல்ல குணத்தை வண்டிக்காரரே கொன்றுவிட்டார்.

ஆனால் பத்மினியில் வேறு காலம் போட யுனிவர்சல் ஜாயிண்ட், புது பிராக்கெட், புது அளவு ஷாப்ட் எல்லாம் வேண்டும். இரண்டு ஜாயிண்ட் போட்டால் இரண்டின் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சுற்றுக்குள்ளேயே ஸ்டியரிங் கனத்தும் இலேசாகியும் மாறி மாறி வரும். கணக்குப் போட்டுச் செய்யும் ஆள் கிடைத்தால் செய்யுங்கள். புது மாடல் காரின் மோட்டார் வைத்த காலத்தைக் கொண்டுவந்து பொருத்தும் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கும் நடக்கிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 60 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்கு நல்ல சீட் பெல்ட் மாட்டி, டயர் காற்றைச் சரியாக வைத்தால் கையும் வலிக்காது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

அதே வகைக் காலத்தை மாற்றினால் அது ரிப்பேர்தான். ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வருகிறது. 50 வருடம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளின்படி பதிய நினைத்தால், சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் மார்க்கெட்டுக்குப் போக முடியாது. அதனால் என் வண்டிக்கு 50 வருடம் ஆனாலும் நான் பதியமாட்டேன்.

என்னிடம் இருப்பது இடது பக்க ஸ்டியரிங் வண்டி. வலப்பக்கம் மாற்றட்டுமா?

அப்படியே வையுங்கள். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்குச் சரியாக வேலை செய்யும் சிக்னல் கருவி இருக்க வேண்டும் என்று 120-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கவனித்தால் போதும்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது?

முதல் நாள் ஏதாவது காலி மைதானம். நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். இரண்டு கோடியிலும் டயர் பிரேக் ஹோஸில் உரசுகிறதா என்று ஒருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பீச் ரோட்டில் அதிகாலையில் ஆளில்லாமல் இருக்குமே என்று நினைக்காதீர்கள், மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டிக்கு அனுமதி இல்லை.

அடுத்து கடலூர் ரோடு. ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை மெதுவாகத் தாண்டும்போது கையில் ஏதாவது 'டக்' என்று தட்டுகிறதா என்று கவனியுங்கள். தட்டினால் அங்கேயே ஓரம் கட்டி மேல் பிராக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். தட்டவில்லை என்றால் மஞ்சக்குப்பம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் திரும்ப ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். நான் இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து டார்ச் அடிப்பேன். கோடு உடையாமல் இருந்தால் ஸ்பேனரைத் தொடுவதில்லை. போன மாதம் பார்த்தபோது கோடு சரியாக இருந்தது, ஃபயர்வால் ரப்பர் ஓரத்தில் மட்டும் குளவி புதிதாக ஒரு உருண்டை மண் வைத்திருந்தது.